பார்வை மீளுமா? — ஒரு கேள்வியின் சரித்திரம்

மருத்துவத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கருவிகளின் கதையையும் மேதைகளின் கதையையுமே எழுதிச் சென்றிருக்கின்றனர். எந்த ஆண்டில் எவர் எதைக் கண்டுபிடித்தார் என்பதற்கு அந்நூல்களில் விடை கிடைக்கும். ஆனால் வைத்தியரின் முன்னே வந்து நிற்கும் நோயாளி கேட்கும் கேள்விக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கண்ணொளி மங்கிய மனிதன் கேட்பது ஒரே கேள்விதான்: "போன பார்வை திரும்பி வருமா?" இந்தக் கேள்விக்கு வைத்திய உலகம் காலந்தோறும் வெவ்வேறு பதில்களை அளித்து வந்திருக்கிறது. அப்பதில்கள் எவ்வாறு மாறின, ஏன் மாறின என்று ஆராய்ந்தால், விஞ்ஞானத்தின் வளர்ச்சியை மட்டுமன்றி, அவ்விஞ்ஞானத்தின் பயன் யாரை அடைகிறது, யாரை அடைவதில்லை என்பதையும் நாம் காணலாம்.

இக்கேள்வியைப் பொத்துவிலில் நின்று கேட்பது பொருத்தமாகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரத்தில் வரிசையாக அமைந்த தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களுக்குத் தெற்கே, தனித்து நிற்பது பொத்துவில். கடலும் வயலும் இக்கரையோர மக்களுக்குச் சோறு போடுகின்றன. வலையின் கிழிந்த கண்ணைத் தேடிப் பின்னுகின்ற மீனவர், வட்டையில் பயிரின் நோயை இலையைப் பார்த்தே அறிகின்ற வேளாண்மைக்காரர், மருதமுனைத் தறியில் அறுந்த இழையை முடிகின்ற நெசவாளர், மாலை வேளையில் குர்ஆனை விரித்து ஓதுகின்ற மூதாட்டி, இவர்கள் அனைவரும் தம் கண்ணின் ஒரு சிறு பகுதியை நம்பியே வாழ்கின்றனர். கண்ணைப் புகைப்படக் கருவிக்கு ஒப்பிட்டால், விழித்திரை அதன் உள்ளே இருக்கும் பிலிம் ஆகும். அதன் நடுவே உள்ள மஞ்சட்பொட்டு என்ற சிறிய இடமே எழுத்தையும் இழையையும் முகத்தையும் தெளிவாகக் காட்டுவது. அவ்விடம் கெட்டால், நடமாடும் அளவுக்குப் பார்வை இருந்தும் தொழில் செய்யும் பார்வை போய்விடும்.

நம் காலத்தில் அந்த இடத்தைக் கெடுக்கும் நோய்களுள் முன்னிற்பது நீரிழிவு. இக்கரையோர மக்கள் இதனைச் 'சீனி வருத்தம்' என்பர். இரத்தத்தில் மிகுந்த சீனி விழித்திரையின் நுண்ணிய குழாய்களை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. குழாய்கள் கசிகின்றன; மஞ்சட்பொட்டு நீர் கோத்து வீங்குகிறது. சில குழாய்கள் அடைபட, அவற்றிற்குப் பதிலாக முளைக்கும் புதிய குழாய்கள் உறுதியற்று உடைந்து கண்ணுக்குள் இரத்தத்தைக் கொட்டுகின்றன. இவை நிகழும்போது வலி இல்லை. பல காலம் பார்வைக் குறைவும் தெரிவதில்லை. தெரியத் தொடங்கும் நாளில் நோய் முற்றியிருப்பதே வழக்கம். நாம் ஆராயும் கேள்வியின் துயரம் முழுவதும் இந்த இயல்பில் அடங்கியிருக்கிறது.

குணமாகுமா என்று முன்னறிந்து சொல்லும் முயற்சி புதிதன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் சங்கிதை, கண்நோய்கள் எழுபத்தாறு என வகுத்து, அவற்றைத் தீர்க்கக் கூடியவை, தீராமல் அடக்கி வைக்கக் கூடியவை, கைவிட வேண்டியவை எனப் பிரித்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க வைத்தியர் காலனின் போதனையைத் தழுவிக் கண்ணைப் பற்றிய பத்து ஆய்வுரைகளை அரபு மொழியில் எழுதினார். கண்புரையை ஊசியால் தள்ளுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றை அந்த மரபு கற்பித்தது. ஒரு கண்ணை மூடினால் மற்றக் கண்ணின் மணி விரிகிறதா என்று பார்க்க வேண்டும். விரிந்தால் சிகிச்சைக்குப் பின் பார்வை வரும். விரியாவிட்டால் கையை வைக்கக் கூடாது. அதற்கு அவர்கள் கூறிய காரணம் பிழையானது. மூளையிலிருந்து ஒரு பார்வை ஆவி நரம்பின் வழியே வருகிறது என்று அவர்கள் நம்பினர். ஆயினும் அவர்கள் எழுப்பிய வினா சரியானது. முன்னே தொங்கும் திரையை விலக்குவது எளிது. திரைக்குப் பின்னால் உயிர் இருக்கிறதா? இன்றும் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் விளக்கைப் பிடித்துக் கண்மணி சுருங்குவதைப் பார்ப்பது இதே வினாவுக்கு விடை தேடித்தான்.

எனினும் திரைக்குப் பின்னால் இருப்பதைக் கண்ணால் கண்டவர் எவரும் ஆயிரம் ஆண்டுகளாக இருந்ததில்லை. உயிருள்ள மனிதனின் கண்மணி வைத்தியருக்கு ஒரு கரிய துவாரமாகவே இருந்தது. 1851இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, அதே வழியில் திரும்பி வரும் ஒளியைத் தாம் காணுமாறு அமைத்த சிறு கருவியை உலகுக்கு வெளியிட்டார். கரிய துவாரம் சாளரமாயிற்று. உள்ளே சிவந்த தளமும், கிளைத்தோடும் குழாய்களும், நோயின் வடுக்களும் தெரிந்தன. 1862இல் டச்சு வைத்தியர் ஸ்நெல்லன் அமைத்த எழுத்துப் பலகை, பார்வையை எண்ணால் அளக்க வழி செய்தது. பார்ப்பதற்குக் கருவியும் அளப்பதற்குப் பலகையும் கிடைத்த பின்னரே, முன்கூறல் என்பது ஊகமாயிருந்த நிலை மாறி விஞ்ஞானமாகத் தொடங்கிற்று.

ஆனால் இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். காணும் ஆற்றல் வந்தபின்னும், குணமாக்கும் ஆற்றல் எழுபது ஆண்டுகள் பின்தங்கி வந்தது. விழித்திரை தன் இருப்பிடத்திலிருந்து கழன்று விடும் நோயை எடுத்துக் கொள்வோம். வைத்தியர்கள் அதை அடையாளம் கண்டனர், படம் வரைந்தனர், பெயரிட்டனர். "பார்வை வருமா?" என்ற கேள்விக்கு "வராது" என்று சொல்லினர். அவர்கள் சொன்னது அநேகமாக எப்போதும் பலித்தது! 1912இல் அமெரிக்கக் கண் வைத்தியர்களிடையே நடந்த ஒரு விசாரணையில், குணமானவர் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர். ஒன்றும் செய்ய இயலாத காலத்தில் முன்கூறல் மிக எளிது. அது தீர்ப்பு, அதற்கு மேல்முறையீடு இல்லை.

அத்தீர்ப்பை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து வைத்தியர் ஜூல் கோனின். விழித்திரையில் ஏற்படும் கிழிசலே நோயின் மூலம். கிழிசல் வழியே நீர் புகுந்து திரையைப் பெயர்க்கிறது. ஆகவே கிழிசலைத் தேடிக் கண்டு, அவ்விடத்தைச் சூட்டால் தீய்த்து ஒட்டினால் நோய் தீரும் என்று அவர் வாதித்தார். 1920ஆம் ஆண்டு அளவில் தொடங்கிய அவருடைய முயற்சியைப் பெரியவர்கள் நம்பவில்லை. 1929இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேசக் கண்மருத்துவ மாநாட்டிலேதான் அவர் வழி உலகத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது.

கோனினின் வெற்றியோடு முன்கூறலின் இயல்பே மாறிற்று. திரை ஒட்டுமா என்பது ஒரு கேள்வி. ஒட்டிய திரை பார்க்குமா என்பது வேறொரு கேள்வி என்பது தெளிவாயிற்று. விழித்திரையின் ஒளியுணரும் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஊட்டத்தைப் பின்னால் இருக்கும் குழாய்ப் படலத்திலிருந்து பெறுகின்றன. திரை கழன்றதும் அவை பட்டினி கிடக்கத் தொடங்குகின்றன. மஞ்சட்பொட்டு கழலுமுன் வந்தவருக்குத் தெளிவான பார்வை காக்கப்படலாம். கழன்ற பின்னும் சில நாட்களுக்குள் வந்தவருக்குப் பெரும்பகுதி மீளலாம். வாரங்கள் கடந்து வந்தவருக்கு, எத்துணைத் திறமையான கை ஒட்டினாலும், குறை நின்றுவிடுகிறது. அதாவது, வைத்தியரின் பதில் இப்போது நோயின் பெயரை மட்டும் சார்ந்ததன்று. நோயாளி எந்த நாளில் வந்தார் என்பதைச் சார்ந்தது. தீர்ப்பு நிபந்தனையாயிற்று. நாட்காட்டியும் வைத்தியத்தின் ஒரு கருவியாயிற்று.

அடுத்த படி ஒரு கிரகணத்திலிருந்து பிறந்தது. 1945 ஜூலை 9இல் ஐரோப்பாவில் தெரிந்த சூரிய கிரகணத்தைப் பாதுகாப்பின்றி நோக்கியவர்களின் மஞ்சட்பொட்டில் தீப்புண் உண்டாயிற்று. அத்தகைய கண்ணைச் சோதித்த ஜெர்மன் வைத்தியர் மேயர் ஷ்விக்கராத், கேடு செய்யும் இந்த ஒளியையே கட்டுப்படுத்தி, கிழிந்த திரையைத் தைக்கும் ஊசியாக்கினால் என்ன என்று சிந்தித்தார். முதலில் சூரியனின் ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிப் பயன்படுத்தினார். பின்னர் விசேட விளக்குகள் வந்தன. 1960இல் லேசர் பிறந்ததும் அது அவற்றின் இடத்தைப் பிடித்தது. இதற்கிடையில், 1955 ஜூன் 20 காலையில், அந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் இலங்கை மேல் விழுந்தது. அப்போது கிரகண வேளையில் வசம்புக் குடிநீரைப் பருகினால் அழகு பெருகும் என்ற புரளியை நம்பிக் குடித்துப் பலர் நோயுற்றனர். நிழல் வரும் வினாடியைக் கணித்துச் சொல்லும் அளவுக்கு விஞ்ஞானம் வளர்ந்திருந்த அதே நாளில், அதன் ஒளி எட்டாத வீடுகள் இருந்தன. அறிவு பிறப்பதும் அறிவு பரவுவதும் ஒரே நிகழ்ச்சி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இனி நீரிழிவுக்கு வருவோம். 1922இல் டொரொன்டோவில் இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்கு ஏற்றப்பட்டது. அதற்குமுன் இளம் வயதில் இந்நோய் கண்டவர்கள், கண் கெடும் அளவுக்கு உயிரோடு இருந்ததே அரிது. இன்சுலின் அவர்களுக்கு ஆயுளைக் கொடுத்தது. நீண்ட ஆயுளில் கண்ணின் நோய் வெளிப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், முற்றிய நீரிழிவுக் கண்ணுக்கு வைத்தியரிடம் இருந்த பதில் மீண்டும் அந்தப் பழைய தீர்ப்புத்தான்.

லேசர் அதைக் காக்குமா? நம்பியவரும் உண்டு; மறுத்தவரும் உண்டு. வாதத்தை முடிக்க அமெரிக்காவில் 1971இல் ஒரு பேராய்வு தொடங்கிற்று. 1,700க்கு மேற்பட்ட நோயாளிகள் பங்கு கொண்டனர். ஒவ்வொருவருடைய ஒரு கண்ணுக்கு லேசர் இடப்பட்டது. மறு கண் ஒப்பிடுவதற்காக விடப்பட்டது. 1976இல் முடிவு தெரிந்தது: கொடிய பார்வையிழப்பின் அபாயத்தை லேசர் பாதிக்கு மேல் குறைத்தது. அதனைத் தொடர்ந்து 3,711 பேரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வு, மஞ்சட்பொட்டின் வீக்கத்திற்கு உரிய வேளையில் இடும் லேசர் பார்வையிழப்பைப் பாதியாகக் குறைக்கும் என்று 1985இல் காட்டிற்று. ஆயினும் இந்த ஆய்வுகளின் சொற்களை நுணுகி வாசிக்க வேண்டும். குறைந்தது 'இழப்பு'. இழந்ததைத் திரும்பப் பெற்றவர் மிகச் சிலரே. லேசர் காலத்தின் பதில் இதுவாக இருந்தது: "இருப்பதைக் காக்கலாம், போனதைக் கேட்காதே."

போனதில் ஒரு பகுதியையேனும் திருப்பித் தந்தது அடுத்த தலைமுறையின் மருந்து. பட்டினி கிடக்கும் விழித்திரை ஒரு புரதத்தைச் சுரந்து, குழாய்களைக் கசியவும் முளைக்கவும் தூண்டுகிறது. அப்புரதத்தை அடக்கும் மருந்துகள் 2000க்குப் பின் கண்ணுக்குள் ஊசியாக ஏற்றப்பட்டன. வீக்கம் வடிந்தது, பலர் எழுத்துப் பலகையில் பல வரிகள் கீழே இறங்கி வாசித்தனர். இங்கேதான் நம் கேள்வி முழு உருவத்தோடு எழுந்தது. ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவருக்குப் பார்வை மீள்கிறது, மற்றவருக்கு மீளவில்லை. ஏன்? யாருக்கு மீளும் என்று முதலிலேயே சொல்ல இயலுமா?

இதற்கு விடை தரும் இரட்டை ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2012, 2013 ஆண்டுகளில் வெளிவந்தன. மஞ்சட்பொட்டு வீங்கிய 759 நீரிழிவாளர்களில் சிலருக்கு மாதந்தோறும் உண்மை ஊசி இடப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு, தேவைப்பட்டால் லேசர் கிடைத்தபோதிலும், ஊசி வெறும் பாவனையாகவே இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அவர்களுக்கும் உண்மை மருந்து தொடங்கப்பட்டது. மூன்றாம் ஆண்டின் முடிவில் அளந்து பார்த்தனர். முதலிலிருந்தே மருந்து பெற்றவர் சராசரியாக ஏறத்தாழ 11 முதல் 14 எழுத்துகள் அதிகமாக வாசித்தனர். இரண்டு ஆண்டுகள் பிந்திப் பெற்றவர் மீட்டது 5 எழுத்துக்கும் குறைவு. மருந்து அதே மருந்து; மருத்துவர் அதே மருத்துவர்; நோயும் அதே நோய். வேறுபட்டது காலம் ஒன்றே. வீக்கம் வடிந்தாலும், நீடித்த வீக்கத்தில் நசிந்துபோன உயிரணுக்கள் மீண்டும் எழவில்லை.

2015இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு சமூகக் கண்ணோடு வாசிக்கத் தக்கது. சந்தையில் இருந்த மூன்று ஊசி மருந்துகள் 660 பேரில் ஒப்பிடப்பட்டன. அவற்றுள் ஒன்றின் விலை அக்காலத்தில் ஓர் ஊசிக்கு ஏறத்தாழ 50 டொலர். மற்றவை ஆயிரத்துக்கும் மேல். சிகிச்சை தொடங்கும்போது பார்வை 6/12 அல்லது அதைவிட நன்றாக இருந்தவர்களிடம், மூன்று மருந்துகளும் ஒரே பலனைத் தந்தன. அதைவிடக் கெட்ட பார்வையோடு வந்தவர்களிடமோ, ஓராண்டு முடிவில் விலை உயர்ந்த ஒரு மருந்து மற்ற இரண்டையும் முந்திற்று. இதன் பொருள் என்ன? முந்தி வருபவனுக்கு மலிந்த மருந்து போதும். பிந்தி வருபவனுக்கு விலையுயர்ந்த மருந்து வேண்டும். யார் பிந்தி வருகிறார்கள்? விலையுயர்ந்த மருந்தை வாங்க முடியாதவர்களே பிந்தி வருகிறார்கள். இயற்கையின் விதியும் சந்தையின் விதியும் ஒன்று சேர்ந்து ஏழையின் கண்ணை இரண்டு பக்கமும் நெருக்குகின்றன.

இன்று முன்கூறலின் கலை மேலும் நுட்பமாகியிருக்கிறது. 1991இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒளிக்கதிர்ப் படக் கருவி, விழித்திரையை வெட்டாமலே அதன் அடுக்குகளைக் குறுக்கே வெட்டியதுபோல் காட்டுகிறது. ஒளியுணரும் அணுக்களைக் குறிக்கும் ஒரு வெண்கோடு அறுபடாமல் ஓடினால் பார்வை மீளும் நம்பிக்கை உண்டு. அது சிதைந்திருந்தால் நம்பிக்கை குறையும். உள்ளடுக்குகளின் எல்லை குழம்பியிருப்பதும் கெட்ட குறி. இவை யாவும் இயந்திரங்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. கணினி விழித்திரைப் படத்தைப் பார்த்து நீரிழிவின் சேதத்தைக் கண்டறிய முடியும் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் அத்தகைய முறை சோதிக்கப்பட்டு, அதன் முடிவு 2019இல் வெளிவந்தது. நோயைக் கண்டறிவதிலிருந்து, சிகிச்சையின் பின் எத்தனை எழுத்துகள் மீளும் என்று கணிப்பது வரை ஆய்வுகள் சென்றுகொண்டிருக்கின்றன.

இதை நாம் வரவேற்க வேண்டும். விழிப்போடும் இருக்க வேண்டும். "யாருக்குச் சிகிச்சை பலிக்கும்?" என்ற வினா, மருந்து அருகிய இடத்தில், "யாரைக் கைவிடலாம்?" என்ற வினாவாக மாறுவதற்கு அதிக தூரம் இல்லை. மேலும் இயந்திரம் தான் கண்டவர்களைக் கொண்டே கற்கிறது. ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தவர்களின் கண்களே அதன் பாடப்புத்தகம். வராதவர்கள் அப்புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இந்த இடத்தில் பொத்துவிலை மீண்டும் நினைவுகூர்வோம். 2005, 2006 ஆண்டுகளில் இலங்கையில் நீரிழிவு பற்றிய ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு உண்டு என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர் என்றும் அது காட்டிற்று. பாடநூல்களும் திட்டங்களும் இந்த எண்ணை மேற்கோள் காட்டின. ஆனால் ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே அக்கணக்கு எடுக்கப்பட்டது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. பொத்துவிலின் மீனவரும், மருதமுனையின் நெசவாளரும், நிந்தவூரின் வேளாண்மைக்காரரும் அந்தத் தேசிய எண்ணில் இல்லை. கணக்கெடுத்தவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. குண்டுகளுக்கிடையே எவர் எழுத்துப் பலகையைச் சுமந்து செல்வர்? எண்ணப்படாத மக்களுக்கு மருந்தும் கருவியும் ஒதுக்கப்படுவது எவ்வாறு என்பதே நம் வினா.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைச் சிதைத்தது. 2009 வரை போர் நீடித்தது. வீடு இழந்தவனுக்கு, உயிருக்கு அஞ்சியவனுக்கு, வலியில்லாத ஒரு நோய்க்காக ஆண்டுதோறும் கண்ணைக் காட்டு என்று சொன்னால் கேட்குமா? வலியற்ற நோய் எப்போதும் வலியுள்ள துன்பங்களின் பின்னேதான் வரிசையில் நிற்கும். அந்த ஆண்டுகளும் விழித்திரையின் கணக்கில் ஏறியிருக்கின்றன.

பொத்துவிலிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 320 கிலோமீற்றர். மட்டக்களப்பு 100 கிலோமீற்றருக்கு மேல். இலவச வைத்தியம் இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும் பேறு. அதனைக் குறைத்துப் பேசுதல் நன்றி மறத்தலாகும். ஆனால் பஸ் கூலி இலவசம் அன்று. கண் தெரியாதவரோடு துணைக்குப் போகும் மகன் இழக்கும் இரண்டு நாட் கூலி இலவசம் அன்று. மருந்து ஒருமுறை போடும் மருந்தன்று. மாதந்தோறும் போட வேண்டும். ஆகவே முதல் ஊசிக்குக் கடன் வாங்கிப் போனவர் மூன்றாவது ஊசிக்குப் போகாமல் நின்றுவிடுகிறார். "சிகிச்சை பலிக்கவில்லை" என்று ஏட்டில் எழுதப்படுகிறது. பலிக்காதது சிகிச்சையா, பாதையா?

இன்னொரு தடையும் உண்டு. இலங்கையில் 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தோற்றுவித்த கண்தானச் சங்கத்தின் புகழால், கண்ணை மாற்றி வைக்கலாம் என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. மாற்றப்படுவது கண்ணின் முன்னே இருக்கும் கருவிழிப் படலம் மட்டுமே. விழித்திரை மூளையோடு இலட்சக்கணக்கான நரம்பிழைகளால் பிணைக்கப்பட்டது. அதை எடுத்து மாற்றும் வித்தை இன்னும் மனிதனுக்குக் கைவரவில்லை. "முற்றாகப் போனால் மாற்றிக் கொள்ளலாம்" என்று காத்திருப்பவர், மீட்கக் கூடிய காலத்தையும் இழந்துவிடுகிறார். இத்தகைய உண்மைகளை நோயாளியின் தாய்மொழியில் அமைதியாக எடுத்துச் சொல்வதும் சிகிச்சையின் பகுதியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் பணியாற்றிய டொக்டர் சாமுவேல் கிறீன், உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழில் நூலாக்கி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருவி பிறந்த அதே தலைமுறையில் நம் மொழி வைத்தியம் பேசிற்று. இன்று நோயாளியின் கையில் கொடுக்கப்படும் துண்டு அவருக்கு விளங்காத மொழியில் இருந்தால், நாம் முன்னே போயிருக்கிறோமா, பின்னே வந்திருக்கிறோமா?

இந்நிலை மாற்ற முடியாத விதியன்று. 1976இல் டொக்டர் வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மூட்டுவாதத்தால் திருகிய விரல்களோடு மதுரையில் பதினொரு கட்டில்களுடன் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுப்பவரும் கொடுக்க இயலாதவரும் அங்கே சிகிச்சை பெற்றனர். பின்னர் அந்நிறுவனம் கிராமங்களில் சிறு பார்வை மையங்களை அமைத்து, நோயாளி நகரத்தைத் தேடி வருவதற்குப் பதிலாகப் பரிசோதனை நோயாளியைத் தேடிச் செல்லுமாறு செய்தது. இங்கிலாந்தில் 2003இல் நீரிழிவாளர் அனைவரின் விழித்திரையையும் ஆண்டுதோறும் படம் பிடிக்கும் அரசுத் திட்டம் தொடங்கிற்று. உழைக்கும் வயதினரின் குருட்டுத்தன்மைக்கு அரை நூற்றாண்டுக் காலம் முதற்காரணமாயிருந்த நீரிழிவு, 2009-10 கணக்கில் அந்த இடத்திலிருந்து இறங்கியிருந்தது. எந்த அற்புத மருந்தும் அதைத் தனியே செய்துவிடவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் படம் எடுத்த பதிவேட்டுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

நாம் கண்ட சரித்திரத்தைத் தொகுத்துப் பார்ப்போம். சுசுருதர் காலத்தில் நோயின் வகை பதிலைத் தந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸின் பின் விழித்திரையின் தோற்றம் பதிலைத் தந்தது. கோனினுக்குப் பின், நாட்களின் எண்ணிக்கை பதிலைத் தந்தது. நம் காலத்து ஆய்வுகள் அனைத்தும் வெவ்வேறு கருவிகளால் ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கையில் காட்டுகின்றன: சிகிச்சை தொடங்கும் நாளில் எவ்வளவு பார்வை எஞ்சியிருந்ததோ, எவ்வளவு காலம் நோய் கவனிப்பாரற்றுக் கிடந்ததோ, அதுவே மீட்சியின் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது. அந்த இரண்டையும் தீர்மானிப்பவை எவை? தூரம், கூலி, விலை, மொழி, போர், பதிவேடு. ஆகவே பார்வை மீளுமா என்பதைக் கணிக்கும் விஞ்ஞானம், தன் கணக்கின் பெரும்பகுதியை ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே எழுதியிருப்பதைக் காண்கிறது.

இதனால் வைத்தியரின் பொறுப்பு குறையவில்லை; நம் பொறுப்பு கூடுகிறது. அம்பாறைக் கரையோரத்தின் ஒவ்வோர் ஆதார வைத்தியசாலையிலும் விழித்திரைப் படக் கருவியும், அதைக் கையாளப் பயின்ற ஊழியரும் இருக்க வேண்டும். சீனி வருத்தக் கிளினிக்குக்கு மருந்தெடுக்க வருபவரின் கண், அதே நாளில், அதே இடத்தில் படமெடுக்கப்பட வேண்டும். லேசரும் ஊசியும் தேவைப்படுபவர் போய்வரும் செலவு பொதுச் செலவாக வேண்டும். விடப்பட்ட மாகாணங்களின் மக்கள் எண்ணப்பட வேண்டும். இவை தர்மமாகக் கேட்கப்படும் கோரிக்கைகள் அல்ல; இலவச வைத்தியம் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் தருமாறு கேட்கும் உரிமைகள்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. கண்ணின் அமைப்பை விஞ்ஞான வகுப்பில் வரைந்து, பாகங்களைக் குறித்து, பரீட்சையில் புள்ளி பெறுகிறோம். அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டு போய், சீனி வருத்தத்தோடு பத்தாண்டாக இருக்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் விளக்கிச் சொல்லும் மாணவன், பரீட்சைத்தாள் கேட்காத ஒரு விடையை எழுதியவனாவான். பார்வை தெளிவாக இருக்கும்போதே ஆண்டுக்கொருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்ற ஒரு செய்தி வீடு வீடாகச் சென்றால், எத்தனையோ பேருக்கு "பார்வை மீளுமா?" என்று கேட்க வேண்டிய தேவையே எழாது. இழக்காத பார்வைக்கு மீட்சியைக் கணிக்க வேண்டியதில்லை.